வெற்றிலை முதுகுப் போன்கள்

நான் கறுப்பு அங்கி போட்டு இரண்டாம் வருடம் நடந்துகொண்டிருந்தது. மதுரை மாவட்ட நீதிமன்றம் முதல் முறையாக ஒரு வழக்கில் என்னைக் கமிஷனராக நியமித்தது. வழக்கில் எந்தத் தரப்பையும் சேராத ஒரு வக்கீலை நீதிபதி இப்படி அனுப்புவதுண்டு. இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும், இருப்பதை இருக்கிறபடி எழுத வேண்டும், உத்தரவில் சொல்லியிருந்தால் பொருள்களுக்கு சீல் வைக்க வேண்டும், அறிக்கை கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் பெயர் கமிஷனர்.

உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரில் அம்மா இதைச் சொன்ன வேகத்தில், மாமா எனக்குப் போன் பண்ணிவிட்டார்.

"ஏத்தா, கமிஷனராயிட்டயாமே! எந்த ஊருக்குப் போட்டுருக்காக?"

"மாமா, போலீஸ் கமிஷனர் இல்ல. கோர்ட்டு கமிஷனர். ஒரே ஒரு கேசுக்கு மட்டும்."

"அப்ப வண்டி, டிரைவரெல்லாம்?"

"டவுன் பஸ்தான்."

மாமா விட்டுக்கொடுக்கவில்லை. "பரவால்ல. பஸ்ல எடம் புடிச்சு உக்காந்து போ. நிக்காத. கமிஷனர் நின்னுக்கிட்டுப் போனா நல்லாருக்காது" என்றார்.

அடுத்தவர் காட்டில் களையெடுத்து என்னைப் படிக்க வைத்த அம்மாவிடம் இந்தப் பட்டத்தைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அவர் பஸ்ஸிலும் சந்தையிலும் சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் விட்டுவிட்டேன்.

வழக்கு ஒரு செல்போனைப் பற்றியது. பெரிய நிறுவனம் ஒன்று புதிதாக ஒரு போன் கொண்டுவந்திருந்தது. அதன் முதுகில் கேமராக்கள் இருக்கும் இடம் மட்டும் கொஞ்சம் மேடாக, வெற்றிலை வடிவத்தில் இருக்கும். காம்பு மேல் மூலையைப் பார்த்திருக்கும், நுனி நடுவில் வந்து முடியும். இலைக்குள் மூன்று கேமராக் கண்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த வடிவத்தை அவர்கள் தங்கள் டிசைன் என்று முறைப்படி பதிவு செய்திருந்தார்கள். போன் கடைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, அதே வெற்றிலையோடு கால்வாசி விலையில் வேறொரு போன் மதுரையைச் சுற்றி விற்பனைக்கு வந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது என்று விசாரித்ததில், பழங்காநத்தத்தில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பாய் வரவழைத்து சில்லறைக் கடைகளுக்குக் கொடுக்கிறார் என்று தெரிந்தது. நிறுவனம் வழக்குப் போட்டது. முன்னறிவிப்பு கொடுத்தால் சரக்கு இடம் மாறிவிடும் என்று அவர்களுடைய வக்கீல் வாதாட, நீதிபதி அம்மா என்னை அனுப்பினார்.

காலையில் பழங்காநத்தம் போய் இறங்கினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. எனக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் அந்த நிறுவனத்தின் அதிகாரி, சென்னையிலிருந்து வந்தவர். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். இன்னொருவர் பாதுகாப்புக்கு வந்த ஏட்டையா. அவருக்கு ஓய்வுபெறும் வயது. என்னை மேலும் கீழும் பார்த்தவர், "கமிஷனர் வாராகன்னாங்களே, எங்கம்மா?" என்று கேட்டார்.

"நான்தாண்ணே."

"அப்டியா?" என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சல்யூட் வைத்தார்.

பாயின் கடை கீழே, கிடங்கு மாடியில். அவர் கல்லாவில் உட்கார்ந்து யாருக்கோ சார்ஜர் வயர் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏட்டையாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் நீதிமன்ற உத்தரவை நீட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்கிலீஸ்ல இருக்கு. நீங்களே சொல்லுங்க மேடம். நான் என்ன திருட்டு நகையா விக்கிறேன், போலீஸக் கூட்டியாந்திருக்கீக?"

நான் உத்தரவைத் தமிழில் சொன்னேன். அவர் கேட்டு முடித்து, மேசைக்குக் கீழிருந்து ஒரு போனை எடுத்து என் முன் வைத்தார்.

"சுவிட்ச் போட்டுப் பாருங்க. இதுல அவுக பேரு எங்கயாச்சும் வருதா? இது வேற கம்பெனி, வேற பேரு. முதுகுலகூட எந்தப் பேரும் கெடையாது. மொட்ட முதுகு. அவுக பேர நான் எடுத்து வித்தா நீங்க கேக்கலாம்."

"பேரப் பத்திக் கேசே இல்ல பாய். உருவத்தப் பத்தித்தான். முதுகுல இருக்கே இந்த வெத்தல, அந்த வடிவத்த அவங்க பதிஞ்சு வச்சிருக்காங்க. உள்ள என்ன இருக்குங்கறது இந்தச் சட்டத்துக்கு வேண்டாம். கண்ணால பாத்தா அதே மாதிரி இருக்கக் கூடாது."

"வெத்தலயப் படச்சவன் வந்து கேஸ் போட்டா நியாயம். இவுக எப்பிடி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கமிஷனர் சிரிக்கலாமா என்று தெரியாததால் இருமுவது போல் செய்தேன். சென்னை அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் பையிலிருந்து சொந்தப் போனை எடுத்து, பாயின் போனுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"பாருங்க மேடம். இது எங்களுது, அது காப்பி. அதுல மூணு கேமராவுல ரெண்டு சும்மா கண்ணாடி. வேலையே செய்யாது."

"விலைக்கேத்த கண்ணு சார்" என்றார் பாய். "வாங்குறவனுக்கு நாங்க சொல்லித்தான் விக்கிறோம். ஒரு கண்ணு தெரியும், ரெண்டு கண்ணு அழகுக்குன்னு."

மாடிக்குப் போனோம். சுவரோரம் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. நான் பிரித்துப் பார்த்து எழுத, ஏட்டையா விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பாய் ஒன்றையும் மறைக்கவில்லை. நான் விட்டுவிட்ட ஒரு பெட்டியைக்கூட, "அதையும் எழுதிக்கங்க, நாளைக்கு ஒளிச்சு வச்சேன்னு சொல்லிறாதீக" என்று அவரே இழுத்து முன்னால் வைத்தார். பெட்டியிலிருந்த சரக்கையெல்லாம் ஒரு சின்ன அறையில் வைத்துப் பூட்டி சீல் வைத்து, அவர் பொறுப்பிலேயே விடுவது என்று முடிவாயிற்று. அட்டை இல்லாமல் உதிரியாகக் கொஞ்சம் போன்கள் இருந்தன. கடையில் வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவதற்கு வைத்திருந்தவை. பலர் கை பட்டுக் கீறல் விழுந்தவை. அவற்றை மாதிரியாக நீதிமன்றத்துக்கு எடுத்துப் போக வேண்டும். எல்லாவற்றையும் மாடி மேசையில் பரப்பி வைத்தேன். சென்னை அதிகாரியும் வந்து தன் போனை ஓரமாக வைத்து, நிறத்தையும் விளிம்பையும் ஒப்பிட்டு எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் டீ வந்தது. கூடவே சுடச்சுட உளுந்து வடையும் வந்தது. நான் வேண்டாம் என்றேன். கமிஷனர் ஒரு தரப்பின் இடத்தில் கை நனைத்தால் அறிக்கையில் சந்தேகம் வரும் என்று எங்கோ படித்திருந்தேன்.

"கேஸ் வேற, டீ வேற மேடம்" என்றார் பாய். "சார் குடிக்கிறாக பாருங்க. அவுகதான கேஸ் போட்டவுக."

உண்மைதான். சென்னை அதிகாரி இரண்டாவது வடையில் இருந்தார். நானும் ஒரு டீயை எடுத்துக்கொண்டேன். தட்டு வைக்க இடம் வேண்டும் என்று ஏட்டையா எழுந்து வந்து, மேசையிலிருந்த போன்களையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளித் துணிப்பையில் போட்டார். டீ குடித்து முடித்ததும் பையின் வாயைச் சணல் போட்டுக் கட்டினோம். அரக்கை உருக்கி முடிச்சில் ஊற்றி முத்திரை பதித்தேன். பாய் கையெழுத்துப் போட்டார், அதிகாரி போட்டார், ஏட்டையா போட்டார். என் முதல் சீல். அரக்கு வழியாமல் வட்டமாக நின்றது. அதை ஒரு படம் எடுத்துக்கொண்டு, சரக்கு அறையின் பூட்டுக்கும் ஒன்று வைத்தேன்.

அப்போதுதான் பாயின் வக்கீல் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தார். வந்ததும் உத்தரவைப் படித்தார், பையைப் பார்த்தார், "ஆட்சேபணைய எழுதிக்கங்க" என்றார். எழுதிக்கொண்டேன். அந்த நேரம் சென்னை அதிகாரி தன் சட்டைப் பையைத் தடவினார். பேன்ட் பையைத் தடவினார். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"என் போனைப் பாத்தீங்களா யாராவது?"

"நம்பரச் சொல்லுங்க சார், அடிச்சுப் பாப்போம்" என்றார் பாய்.

அவர் சொன்னார். பாய் தன் போனில் அழுத்தினார். பிறகு சீல் வைத்த பைக்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது.

ஏட்டையா ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டார். பை மேசையில் லேசாக அதிர்ந்தது. குழந்தை மூச்சை இழுத்துவிட்டு மறுபடி சிரித்தது.

"எங்க பாப்பா" என்றார் அதிகாரி, தாழ்ந்த குரலில். "ரிங்டோனா வச்சிருந்தேன்."

முதலில் சிரித்தது பாய்தான். பிறகு ஏட்டையா. நான் இந்த முறை இருமவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

சிரித்து முடித்ததும்தான் நான் யாருடைய போனுக்கு சீல் வைத்திருக்கிறேன் என்று உறைத்தது. அதிகாரி, "பிரிச்சுக் குடுத்துடுங்க மேடம், ஒரு நிமிஷ வேலை" என்று கையை நீட்டினார். நானும் முடிச்சுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"தொடாதீங்க!" என்றார் பாயின் வக்கீல். "மூணு பேரு கையெழுத்துப் போட்டு சீல் வச்சாச்சு. கோர்ட் உத்தரவு இல்லாமப் பிரிக்கக் கூடாது. பிரிச்சு அவரு எதை எடுப்பாரு, எதைப் போடுவாருன்னு யாருக்குத் தெரியும்?"

அவர் வம்புக்குச் சொன்னாரோ சட்டத்துக்குச் சொன்னாரோ, சொன்னது சரி. நான் கையை எடுத்துக்கொண்டேன். அதிகாரியின் முகம் வாடிவிட்டது. ஊருக்குத் திரும்ப டிக்கெட்டும் அதில்தான், பணம் அனுப்புவதும் அதில்தான். வீட்டு நம்பரைத் தவிர வேறு எந்த நம்பரும் அவருக்கு மனப்பாடம் இல்லை. பாய் தன் போனையே கொடுத்தார். அதிகாரி ஜன்னலோரம் போய் மனைவியிடம் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இல்லம்மா, தொலைக்கல. சீஸ் பண்ணிட்டாங்க... நாங்கதான் சீஸ் பண்ண வந்தோம்... ஆமா, என்னுதைத்தான்... இல்லம்மா, நான் ஒண்ணும் பண்ணல... டீ குடிச்சேன்."

அவர் பேசி முடித்ததும் பாய் கீழே போய்ப் பழைய பட்டன் போன் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு சிம்மும் போட்டுக் கொடுத்தார்.

"ஊருக்குப் போற வரைக்கும் வச்சுக்கங்க சார். இதுக்கு யாரும் டிசைன் கேஸ் போட மாட்டாக."

பையை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போனேன். கணவர் சாப்பிட்டாரா என்ற ஞாபகம் வந்ததும் அதிகாரியின் மனைவி பழைய நம்பருக்கே அடித்தார் போல. சிக்னலில் நின்றபோது மடியில் குழந்தை சிரித்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார், திரும்பிப் பார்த்தார், என் மடியில் அரக்கு வைத்த பையைப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்கும் நிறுத்தாமல் ஓட்டினார். நீதிமன்றத்தில் பொருள்களை வாங்கி வைக்கும் ஊழியரிடம் பையை ஒப்படைத்தேன். "இதுக்குள்ள ஒரு போன் அடிக்கும். பயந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

விளாங்குடியில் நான் குடியிருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே கவலை. முதல் வேலையிலேயே வழக்குப் போட்டவரின் சொத்தை ஜப்தி செய்துவிட்ட கமிஷனர் என்று பெயர் நிலைத்துவிடுமோ? ஆனால் அந்தக் குழந்தைச் சிரிப்பு நினைவுக்கு வந்து, பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாள் அதிகாரி, தன் போனைத் திருப்பித் தரும்படி மனுப் போட்டார். நடந்ததை நடந்தபடி நான் அறிக்கையில் எழுதியிருந்தேன், டீ உட்பட. நீதிபதி அம்மா அதை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே படித்தார். ஒரு இடத்தில் வாயைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். பிறகு பையைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு தரப்பும் பார்த்திருக்க சீல் உடைக்கப்பட்டது. போன்களை வரிசையாக மேசைமேல் முதுகு தெரிய அடுக்கினார் ஊழியர். எல்லாம் வெற்றிலை. எல்லாவற்றிலும் சார்ஜ் தீர்ந்திருந்தது.

"உங்க போன் எதுன்னு எடுத்துக் காட்டுங்க" என்றார் நீதிபதி.

அதிகாரி நம்பிக்கையோடுதான் வந்தார். "எங்க போனுக்குப் பின்னால சின்ன எழுத்துல பேரு இருக்கும் மேடம்" என்று குனிந்தவர், வரிசை முழுக்கத் தடவிப் பார்த்தார். அவர் போனை வாங்கிய நாளிலிருந்து உறை போடாமல் பையில் வைத்து எடுத்து, அந்தச் சின்ன எழுத்து தேய்ந்துபோயிருந்தது. எல்லா முதுகும் மொட்டை முதுகாக இருந்தது. கீறலை வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் கீறல். கடைசியில் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, "எடையிலேயே தெரியும் மேடம். இதுதான்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார்.

ஊழியர் அதைச் சார்ஜரில் செருகினார். எல்லோரும் காத்திருந்தோம். திரை விழித்தது. பளபளவென்று நட்சத்திரங்கள் சுழல, பாயின் சரக்கின் பெயர் பெரிய எழுத்தில் வந்தது.

நீதிமன்றம் முழுக்கச் சிரிப்பு. வேறு வழக்குக்கு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பாயின் வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. துள்ளி எழுந்தார்.

"யுவர் ஆனர், இதைப் பதிவு செய்யணும்! அந்தக் கம்பெனியோட அதிகாரிக்கே, சொந்தமா வச்சிருக்கிற போனுக்கும் எங்க போனுக்கும் வித்தியாசம் தெரியல!"

நிறுவனத்தின் வக்கீல் மெதுவாக எழுந்தார். "யுவர் ஆனர், எதிர்த்தரப்பு சொல்றதை நானும் ஏத்துக்கிறேன். ரெண்டும் ஒண்ணு போல இருக்குங்கறதுதான் எங்க வழக்கே."

பாயின் வக்கீல் இன்னும் பேசக் கையைத் தூக்கினார். பின்னால் நின்ற பாய், அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க வக்கீல் சார்" என்று கெஞ்சினார். அந்தச் சத்தம் மேசை வரை கேட்டது.

நீதிபதி அம்மாவும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு எல்லாப் போன்களையும் ஒவ்வொன்றாகச் சார்ஜ் போடச் சொன்னார். வரிசையின் பாதியைத் தாண்டியபோது ஒன்று உயிர் பெற்று, வந்து தேங்கிக் கிடந்த செய்திகளையெல்லாம் டிங் டிங் என்று கொட்டத் தொடங்கியது. அதிகாரி அதை வாங்கி, நீதிமன்றம் என்பதையும் மறந்து கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பாய் சமரசத்துக்கு வந்துவிட்டார். யோசனையும் அவருடையதுதான். நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் நின்று அதிகாரியிடம் பேசினார். கூட நானும் இரண்டு வக்கீல்களும் இருந்தோம்.

"சார், ஒங்களுக்கு என்ன வேணும்? அந்த வெத்தல வேண்டாம். அம்புட்டுத்தான? முதுக மட்டும் கழட்டிட்டு வெறும் முதுகு போட்டா?"

"போட முடியுமா?"

"சரக்கு அனுப்புன ஆளுகிட்ட கேட்டுட்டேன். சாதா முதுகு அவுககிட்ட இருக்காம். நாலு திருகாணி, கொஞ்சம் பசை. இனிமே வெத்தல போட்ட சரக்கு எறக்க மாட்டேன்னு எழுதியும் தாரேன்."

அதிகாரி சென்னைக்குப் பேசினார், இந்த முறை தன் போனில். கழற்றிய முதுகுகளைத் தங்கள் முன்னால் உடைக்க வேண்டும், கமிஷனர் மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டார்கள். நீதிபதி அம்மா அப்படியே தீர்ப்பு எழுதினார். சாதா முதுகுகள் வந்து இறங்கியதும் மறுபடி பழங்காநத்தம் போனேன்.

அது வேலை நடந்த நாள் போலவே இல்லை. மாடியில் பாய் வரிசையாகக் கோரைப்பாய் விரித்து, தன் கடைப் பெண்கள் நாலைந்து பேரை உட்கார வைத்திருந்தார். ஒருத்தி திருகைக் கழற்ற, ஒருத்தி வெற்றிலையைப் பெயர்க்க, ஒருத்தி வெறும் முதுகை ஒட்ட, வேலை கிசுகிசுப்பும் சிரிப்புமாக ஓடியது. அதிகாரி வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்துவிட்டார். சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்தே பழகிவிட்டதால் சம்மணம் போடத் தெரியாமல் காலை நீட்டிக்கொண்டிருந்தார். ஏட்டையாவுக்கு முதுகுகளைச் சுத்தியலால் உடைக்கிற வேலை. ஒவ்வொன்றையும் உடைக்கும் முன் என்னைப் பார்த்து, "உடைக்கலாங்களா கமிஷனரம்மா?" என்று கேட்பார். "உடைங்கண்ணே" என்று நான் சொன்ன பிறகுதான் அடிப்பார். மதியம் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் பாய் அதிகாரியிடம் கேட்டார்: "சார், ஒரு சந்தேகம். வெத்தலய நீங்க பதிஞ்சுட்டீக. மாவிலைய யாரும் பதியலயே?"

அதிகாரி சோற்றுக் கையோடு யோசித்தார். "எனக்குத் தெரிஞ்சு இல்ல. நீங்களா வரைஞ்சு, நீங்களா பதிஞ்சா உங்களுது. அப்புறம் நாங்க அதைப் போட முடியாது."

"அப்ப நான் ஒங்க மேல கேஸ் போடலாம்."

"தாராளமா."

பாய் என் பக்கம் திரும்பினார். "அதுக்கும் நீங்கதான மேடம் கமிஷனரா வருவீக?"

"நீதிபதி அனுப்புனா வாரேன் பாய்."

சாயங்காலம் எல்லாம் முடிந்தது. உடைந்த துண்டுகளை ஒரு சாக்கில் கட்டினோம். நான் இரண்டாவது அறிக்கையை எழுதிக் கொடுத்தேன். அதில் பிரச்சினை ஒன்றும் இல்லாததால் நீதிபதி அம்மா ஒரே மூச்சில் படித்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்தபடியே கேட்டார்:

"உங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம்தான? எந்த ஊரு?"

சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. அங்க ரெண்டு பங்காளிக்கு நடுவுல ஒரு கிணத்துத் தகராறு. கிணறு யாரு பக்கம் இருக்குன்னு அளந்து பாக்கணும். போய்ட்டு வந்துருங்க."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு இரும்புக் கடையில் இறங்கி, இருப்பதிலேயே நீளமான அளவுநாடா ஒன்று வாங்கினேன். கடைக்காரர் என்ன வேலைக்கு என்று கேட்டார். கிணறு அளக்க என்றேன். ஆழமா அகலமா என்றார். அது எனக்கே தெரியாது, போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.